நின்ற வரிசைகள் போதும்

கோடை விடுமுறையில் நொய்கெல்ன் வாழ் நம்மவர், பிள்ளைகளுடன் பொட்ஸ்டாமிலுள்ள பாபெல்ஸ்பேர்க் திரைப்படப் பூங்காவுக்குப் புறப்படும் முறை யாவரும் அறிந்ததே. சோறு கறி சமைத்துக் கட்டி, சனிக்கிழமை நண்பகலில் வாயிலை அடைவோம். கூட்டமும் வெப்பமும் ஒருங்கே ஏறும் வேளை அது.

‘நாம் வெயிலிற் பிறந்தவர்கள்’ எனும் பெருமை இங்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் ஆறரை மணியளவில் மறையும் கதிரவன், ஜூன் இறுதியில் பேர்லினில் ஒன்பதரை வரை நிற்பான். கடும் வெப்பம் பிற்பகலிலேயே. ஆகவே பாணும் தண்ணீரும் போதுமெனக் கொண்டு, பூங்கா திறந்திருக்கும் வாரநாளைக் கேட்டறிந்து, காலையிலேயே செல்வோம். வெப்பம் முற்றுமுன் திரும்புவோம்.

தொண்ணூறுகளில் தஞ்சம் கோரிய நம் மூத்தோர், பேர்லின் எல்லையைத் தாண்டவே அனுமதி வேண்டி அலுவலகங்களில் வரிசையில் நின்றனர். 2015இல் அக்கட்டுப்பாடு பெரும்பாலோருக்குத் தளர்ந்தது. அவர்கள் நின்ற வரிசைகள் போதும்; பிள்ளைகளை வெயிலில் நிறுத்தவேண்டாம்.