பிள்ளைகளுக்கும் ஒரு மகமைக் கணக்கு

மார்கழி பிறந்துவிட்டால் வணிகர்களாகிய நமக்கு உறக்கம் குறைந்துவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் வெல்லமும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் முந்திரியும் இருப்புக் கட்டத் தொடங்குகிறார். பாத்திரக் கடையில் பானைகள் முன்வரிசைக்கு வருகின்றன. கயிற்றுக் கடை வாசலில் மூக்கணாங்கயிறும் தும்பும் சலங்கையும் தொங்குகின்றன. மேலூர்ப் பக்கத்துச் செங்கரும்பு கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. கொட்டாம்பட்டி மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது. நத்தத்துக்கும் சிங்கம்புணரிக்கும் போகும் சாலைகள் இங்கேதான் பிரிகின்றன. ஆகவே சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ அண்ணன் தம்பிகள் தங்கள் உடன்பிறந்தாளுக்குக் கொண்டுபோகும் பொங்கல் சீர் நம் கடைகளில்தான் கட்டப்படுகிறது.

ஊருக்கெல்லாம் பண்டிகையைக் கட்டிக் கொடுக்கும் நம் வீடுகளில் பண்டிகை எப்படி நடக்கிறது என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

போகி இரவு கடை சாத்தும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிடுகிறது. பல வீடுகளில் தாய்மார்களும் கடையில் கைகொடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தாகிவிட்டது, செலவுக்குப் பணமும் கொடுத்தாகிவிட்டது, பிறகென்ன குறை என்று நாமும் இருந்துவிடுகிறோம். பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிவது என்ன? மூட்டைகள் வருகின்றன, போகின்றன, கல்லா நிறைகிறது, நமக்கு வேண்டியது கிடைக்கிறது. பண்டிகை என்றால் வாங்குவது என்று மட்டுமே படித்து வளரும் பிள்ளை, நாளை இந்தக் கடையில் உட்கார்ந்தாலும் சரி, வெளியூரில் உத்தியோகம் பார்த்தாலும் சரி, யாருக்கும் கடமைப்பட்டவனாகத் தன்னை நினைக்க மாட்டான். நம் தொழிலுக்கு இதைவிடப் பெரிய நட்டம் இல்லை. நம் முதலில் பாதி பணம் என்றால், மறுபாதி ஊராரின் நல்லெண்ணம்.

பொங்கல் என்பதே நன்றி சொல்லும் பண்டிகை. சூரியனுக்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள், உற்றார் உறவினரைக் காண ஒரு நாள் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் வழக்கம் மற்ற நாட்டாரிடமும் உண்டு. அமெரிக்கர்கள் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை குடும்பத்தோடு கூடி உண்கிறார்கள். ஜப்பானில் பழைய அறுவடைத் திருநாளையே 1948-ல் உழைப்புக்கு நன்றி கூறும் நாளாகச் சட்டம் செய்து, நவம்பர் 23-ஆம் தேதி விடுமுறை விடுகிறார்கள். அந்தச் சமயத்தில் சின்னஞ்சிறு பிள்ளைகள் தங்கள் கையாலேயே வாழ்த்து அட்டை செய்து, தங்கள் பகுதிக் காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நன்றி என்பது பாடம் நடத்திச் சொல்லிக் கொடுப்பதல்ல, கையால் செய்து பழகுவது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இதைக் கற்றுக்கொள்ள நாம் ஜப்பான் வரை போக வேண்டியதில்லை. வணிகர்களிடமே அதற்கான பள்ளிக்கூடம் இருந்தது. அதன் பெயர் மகமை.

மகமை என்றால் என்னவென்று இன்றைய இளைய வணிகர்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு மூட்டை வாங்கினாலும் விற்றாலும், மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பேரேட்டில் தனித் தலைப்பில் எழுதி ஒதுக்கிவிடுவார்கள். அன்றைய வியாபாரத்தில் லாபமா நட்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. விருதுநகரிலும் அருப்புக்கோட்டையிலும் சிவகாசியிலும் திருமங்கலத்திலும் நாடார் உறவின்முறையார் இப்படிச் சேர்த்த மகமையைக் கொண்டு பேட்டைகளையும் கிணறுகளையும் கோயில்களையும் பள்ளிகளையும் உண்டாக்கினார்கள். விருதுநகரில் 1889-ல் தொடங்கப்பட்ட க்ஷத்திரிய வித்தியாசாலை அப்படி எழுந்த பள்ளி. அதை நடத்துவதற்காக வீட்டுப் பெண்கள் அன்றாடம் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். பிடியரிசிப் பள்ளி என்றே அது பேர் பெற்றது. பெருந்தலைவர் காமராசர் படித்த பள்ளி அதுதான்.

இந்த ஏற்பாட்டில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. ஒன்று, மிஞ்சியதைக் கொடுப்பது அல்ல, முதலில் எடுத்து வைப்பது. உலை கொதித்த பிறகு யாரும் பிடியரிசி எடுக்கவில்லை. இரண்டு, அளவு சிறியது. ஆகவே ஏழை வீடும் அதில் சேர முடிந்தது. மூன்று, அன்றாடம் நடந்தது. ஆகவே வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே வளர்ந்தார்கள். எவரும் அவர்களை உட்காரவைத்துத் தர்மோபதேசம் செய்யவில்லை. தாயின் கை அரிசிப் பானைக்கும் பிடியரிசிக் கலயத்துக்கும் போய்வந்ததே உபதேசம்.

இன்று நாம் நன்கொடை கொடுக்காமல் இல்லை. கோயில் திருவிழாவுக்கும் பள்ளி விளையாட்டு விழாவுக்கும் ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் செய்கிறோம். ஆனால் அது பெரியவர்கள் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பணம். அதில் பிள்ளைகளின் பங்கு ஒன்றும் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பண்டிகை முடிந்தபின் விற்காமல் நின்றதையும் பழுதானதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்தோம் என்று சொல்லும் பழக்கம் அங்கங்கே இருக்கிறது. வேண்டாததைக் கழிப்பதற்குத் தர்மம் என்று பெயர் சூட்டினால், பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு ஏழை என்றால் மட்டமான சரக்கு போதும் என்ற பாடம்தான் மனத்தில் பதியும்.

தன் பங்கை விட்டுக்கொடுப்பது எப்படி என்று காட்டும் பிள்ளைகள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்களுக்குப் பறவைகள் வந்து கூடுகட்டுகின்றன. 1977-ல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஊர் மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டில் குஞ்சு இருக்கிறது, சத்தம் போட்டால் பறவை பயப்படும் என்று சிறுபிள்ளைகளும் பட்டாசைக் கேட்பதில்லை. வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்பு கொடுத்து அவர்களைப் பாராட்டுகிறார்கள். நம்மில் பட்டாசு விற்கிறவர்களும் உண்டு; அவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் ஏழு வயதுப் பிள்ளை ஒரு பறவைக்காகத் தன் மத்தாப்பை விட்டுக்கொடுக்கப் பழகியிருக்கிறது என்றால், அந்த ஊர்ப் பெற்றோரை நாம் கும்பிடத்தான் வேண்டும்.

நன்றிக்கும் ஒரு சான்று சொல்வோம். நாம் விற்கும் மேலூர்க் கரும்பு வெறும் மழைத் தண்ணீரில் மட்டும் விளைந்ததல்ல. 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாகவும் பெரியாறு கால்வாய் வழியாகவும் மேலூர் வரை வருகிறது. அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பிறந்த நாள் ஜனவரி 15. தேனி மாவட்டம் பாலார்பட்டியில் மக்கள் அன்று அவர் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். வேறு மொழியும் மதமும் கொண்ட ஒரு மனிதருக்கு, அவர் மறைந்து நூறாண்டு கடந்தபின்னும் நன்றி சொல்கிறார்கள். கரும்பை விற்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டாமா?

நம் கடைச் சரக்கில் இப்படிச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. மண்பானையை எடுத்துக்கொள்வோம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மையும், விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையாரும், கிறிஸ்துமசுக்குக் குடில் பொம்மையும் ஒரே குடும்பத்தார் கையிலிருந்து வருகின்றன. ஒரு மதத்தாரின் பண்டிகைக்கு இன்னொருவர் கை உழைக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகம் சொல்லும்? பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் அங்கே அழைத்துப் போய், களிமண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஒரு பானையை உடையாமல் செய்து, காயவைத்து, சூளையில் சுட்டு எடுப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்துகொண்ட பிள்ளை, அதை விலை பேசும்போது குரலை உயர்த்தாது.

இனி நாம் செய்யக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, மார்கழி முதல் நாளிலிருந்து போகி வரை, நம் உறுப்பினர் ஒவ்வொருவர் வீட்டிலும் பிள்ளைகள் பிடியரிசி எடுத்து வைக்கட்டும். பெரியவர்கள் அளக்க வேண்டாம். பிள்ளையின் கைதான் அளவு. சிறு பிள்ளையின் கைப்பிடி 30 கிராம் என்று வைத்தாலும் 30 நாளில் 900 கிராம் ஆகிறது. 100 வீடு சேர்ந்தால் 90 கிலோ. நாம் கணக்குத் தெரிந்தவர்கள். சிறு துளியின் பெருக்கம் நமக்குப் புதிதல்ல. அந்த அரிசியோடு வெல்லமும் பருப்பும் நாம் சேர்ப்போம். ஆதரவில்லாமல் தனித்திருக்கும் முதியவர்கள் வீடுகளுக்குப் போகிக்கு முந்திய நாளே அது போய்ச் சேர வேண்டும். அப்போதுதான் அவர்களும் தங்கள் வாசலில் தங்கள் கையால் பொங்கல் வைக்க முடியும். அதற்குப் பேனர் வேண்டாம், போட்டோ வேண்டாம். வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்கும் படத்தைச் சுவரில் மாட்டுவதால் நமக்குப் பெருமை ஒன்றும் கூடிவிடாது.

இரண்டாவது, பண்டிகை வேலையில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு கொடுப்போம். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்டுவதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். வீட்டு நிலைக்கு ஒன்று, கடைக்கு ஒன்று, அண்டை வீட்டுப் பாட்டிக்கு ஒன்று என்று அவர்களே கட்டட்டும். ஒரு காலத்தில் பொங்கல் வாழ்த்து அட்டை நம் கடைகளில் கயிறு கட்டித் தொங்கியது. கைப்பேசி வந்து அதை விழுங்கிவிட்டது. விற்பனை போனது போகட்டும். வெள்ளைத் தாளும் கலர்ப் பென்சிலும் நம்மிடம் இருக்கின்றன. மூட்டை இறக்கும் அண்ணனுக்கும், கடையில் பொட்டலம் கட்டும் அக்காவுக்கும், லாரி ஓட்டி வருகிறவருக்கும் பிள்ளைகளே வாழ்த்து எழுதிக் கொடுக்கட்டும். அவர்கள் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். பல வருடமாக நம்மிடம் உழைக்கிறவரின் பெயர் நம் பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால், நன்றியை எங்கிருந்து தொடங்குவது?

மூன்றாவது, போனஸ். அது தானம் அல்ல, உழைத்தவரின் பங்கு. அதைப் போகி இரவு கடை சாத்தும்வரை காக்கவைத்துக் கொடுத்தால், அவர் எப்போது போய்த் தன் பிள்ளைக்குத் துணி எடுப்பார்? மார்கழி 25-ஆம் தேதிக்குள் பட்டுவாடா முடிய வேண்டும். கொடுக்கும்போது உட்காரச் சொல்லி, உங்கள் உழைப்பால்தான் இந்த வருடம் ஓடியது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் நம் பிள்ளைகள் அருகில் இருக்கட்டும்.

நான்காவது, தை முதல் நாள் அனைவரும் முழுநாள் கடையடைப்போம். ஒருவர் திறந்தால் எதிர்க் கடைக்காரருக்கும் மனம் கேட்காது என்பது நமக்குத் தெரியும். ஆகவே இதைத் தனித்தனியாக அல்ல, சங்கத்தில் கூடி முடிவு செய்ய வேண்டும். ஒரு நாள் வியாபாரம் மறுநாள் வந்துவிடும். பிள்ளையின் பத்தாவது வயதுப் பொங்கல் திரும்பி வராது.

இதற்கு மறுப்புச் சொல்வோரும் இருப்பார்கள். பெரிய அங்காடிகளும் இணைய வணிகமும் நம் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் பிடியரிசியும் வாழ்த்து அட்டையுமா என்று கேட்கலாம். நம் கேள்வி வேறு. அவர்கள் விலையைக் குறைப்பார்கள், வீட்டு வாசலில் சரக்கைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனால் மழை பொய்த்த வருடம் கடன் சொல்லிக் கேட்கும் விவசாயியின் முகம் அவர்களுக்குத் தெரியுமா? நம்மைத் தாங்குவது அந்தப் பழக்கமும் நம்பிக்கையும்தான். அதைக் காக்கத் தெரியாத வாரிசுக்குக் கடைச் சாவியை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

பிள்ளைகள் படிக்கட்டும், கடைப் பக்கம் இழுக்க வேண்டாம் என்று இன்னும் சிலர் சொல்லலாம். நாமும் அதையேதான் சொல்கிறோம். பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கடை வேலைக்கு நிறுத்துவது குற்றம். அதை எவரும் செய்ய வேண்டாம். நாம் கேட்பது நாளைக்கு ஐந்து நிமிடம், ஒரு கைப்பிடி, ஒரு வாழ்த்து. டாக்டராகப் போகிற பிள்ளைக்கும் அது தேவை.

வணிகப் பெருமக்களே! நம் பேரேட்டில் வரவு, செலவு, இருப்பு எல்லாம் எழுதுகிறோம். முன்னோர் அதில் மகமை என்று இன்னொரு தலைப்பும் வைத்திருந்தார்கள். இந்த மார்கழியில் அந்தத் தலைப்பை நம் பிள்ளைகளின் பெயரில் திறப்போம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துப் பேசி, ஒருமனதாக நிறைவேற்றுவோம்.