முட்டை மிதந்தால் விதை தேறிவிடுமா?

கேள்வி: பிசானத்துக்கு வீட்டு விதையை உப்புத் தண்ணீரில் போட்டுத்தான் எடுத்தோம். முட்டையும் மிதந்தது. ஆனாலும் போன தடவை நாற்றங்காலில் முளைப்பு திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. முட்டையை நம்பலாமா?
– சேரன்மகாதேவி வட்டார வாசகி

பதில்: நம்பலாம். ஆனால் முட்டை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிலோ கல் உப்பைக் கரைத்தால் எடை 11.5 கிலோ ஆகும். ஆனால் அளவு சுமார் அரை லிட்டர்தான் கூடும். அதாவது ஒவ்வொரு லிட்டரும் முன்பைவிடக் கனமாகிவிடுகிறது. தன்னைவிடக் கனமான தண்ணீரில் எந்தப் பொருளும் மிதக்கும். புது முட்டை சாதாரணத் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். இந்த உப்புக் கரைசலைவிட லேசு. அதனால்தான் மேலே வந்து, பழைய நாலணா அளவுக்குத் தலை காட்டுகிறது. உவரி கடல் தண்ணீரில் போட்டால்கூட முட்டை மூழ்கத்தான் செய்யும். அதில் 10 லிட்டருக்கு 350 கிராம் அளவுக்குத்தான் உப்பு உண்டு.

நெல்லுக்கும் இதே கணக்குதான். வெறும் தண்ணீரில் பதர் மட்டும் மிதக்கும். பாதி நிரம்பிய கருக்காய் நல்ல நெல்லோடு சேர்ந்து அடியில் போய்விடும். உப்புக் கரைசல்தான் அதை மேலே தள்ளும். சொந்த வேரும் இலையும் வரும்வரை நாற்றுக்கு மணியில் உள்ள மாவுதான் சாப்பாடு. கருக்காயில் அது குறைவு.

இனி, தவறு எங்கே நடக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, பழைய முட்டை. ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் போகப் போக, உள்ளே காற்று சேர்ந்து முட்டை லேசாகும். உப்பு போதாத தண்ணீரிலும் அது மிதந்து நம்மை ஏமாற்றும். முதலில் வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக் கிடந்தால் புது முட்டை. நிமிர்ந்து நின்றால் அது வேண்டாம்.

இரண்டாவது, நேரம். விதையைக் கொட்டியதும் நன்றாகக் கிளறி, மிதப்பதை உடனே அள்ளிவிட வேண்டும். ஊற விட்டால் கருக்காயும் தண்ணீர் குடித்து மூழ்கிவிடும். அடுத்த ஈடு விதை போடுமுன் மறுபடி முட்டையைப் போட்டுப் பார்த்து, தேவையானால் உப்பு சேருங்கள்.

மூன்றாவது, கழுவாமல் விடுவது. நார்த்தங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறது அல்லவா? விதையில் ஒட்டிய உப்பும் அப்படித்தான், ஈரத்தை உள்ளே போக விடாது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசிய பிறகுதான் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் நேர்த்தி. உப்புக் கரைசலை வயலிலோ மரத்தடியிலோ ஊற்ற வேண்டாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் முளைப்பு குறைந்தால், காரணம் விதையின் உயிர். மழையில் நனைந்த நெல், ஈரம் போகக் காயாமல் மூட்டை கட்டிய நெல், நாள்பட்ட நெல் எல்லாம் நிறைவான மணியாகவே இருக்கும், கரைசலில் மூழ்கவும் செய்யும். ஆனால் முளைக்காது. முட்டை எடையைத்தான் சொல்லும், உயிரைச் சொல்லாது.

அதற்கு வேறு சோதனை உண்டு. தேறிய விதையில் கைக்கு வந்த 100 மணியை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் கழித்து எண்ணுங்கள். சான்று விதைக்கு 80 முளைக்க வேண்டும் என்பது விதி. வீட்டு விதைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் விதையை மாற்றுங்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 ஆனாலும், நேற்று வந்த ரகமானாலும் இந்தச் சோதனை ஒன்றுதான்.

கால்வாயில் தண்ணீர் வந்தபின் நாற்றங்கால் பழுதானால், மறுபடி விதை விட்டு நாற்று எடுக்குமுன் பருவம் தள்ளிப்போய்விடும். ஆகவே நாற்றங்காலுக்குச் சேறு அடிக்க இரண்டு வாரம் இருக்கும்போதே இந்த 100 மணியைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.