புத்தகம் யாருடையது? பூட்டு யாருடையது?

பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கணினியில் திறந்து பார்க்கிறோம். 100 ஆண்டுகளுக்கு முன் அச்சானது. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு போகையில், ஓரிடத்தில் எழுத்தை மறைத்துக்கொண்டு ஒரு மனித விரல் தெரிகிறது. ரப்பர் உறை மாட்டிய விரல்! பக்கத்தைப் புரட்டிய தொழிலாளி கையை எடுப்பதற்குள் காமிரா படம் பிடித்துவிட்டது.

பண்டிதர்கள் இதைப் பிழை என்கிறார்கள். இருக்கட்டும். உலகத்துப் புத்தகங்களையெல்லாம் ஏதோ ஒரு இயந்திரம் தானே விழுங்கித் தானே கக்கிவிட்டதுபோலப் பேசுகிறவர்களுக்கு அந்த ஒற்றை விரலைக் காட்டினால் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

சங்கதி இதுதான். 2004 டிசம்பரில் கூகுள் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. அமெரிக்காவிலுள்ள மிச்சிகன், ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகங்கள், நியூயார்க் பொது நூலகம், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய ஐந்து இடங்களின் புத்தகங்களைத் தன் சொந்தச் செலவில் படமெடுத்துக் கணினியில் ஏற்றித் தருகிறேன் என்றது. மிச்சிகனில் மட்டும் அப்போது ஏறக்குறைய 70 இலட்சம் புத்தகங்கள். தாங்களே இந்த வேலையைச் செய்தால் 1,000 ஆண்டு பிடிக்கும் என்று அந்தப் பல்கலைக் கழகத்தார் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கம்பெனி முதலாளியோ 6 ஆண்டு போதும் என்றார். எந்த நூலகத்தார்தான் வேண்டாம் என்பார்கள்?

வண்டி வண்டியாகப் புத்தகம் போயிற்று, வந்தது. அலமாரியிலிருந்து எடுத்து, ஒட்டியிருக்கும் எண்ணைச் சரிபார்த்து, மட்கிப்போன தாளை ஒதுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றி, திரும்பி வந்ததை மறுபடி அதனதன் இடத்தில் வைத்தது நூலக ஊழியர்கள். எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்த ஊரில் எந்த ஆண்டு அச்சானது என்று சொல்லும் அட்டவணை, நூலகர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிச் சேர்த்தது. அந்த அட்டவணை இல்லாவிட்டால் கோடிப் படம் எடுத்தும் பயனில்லை. பேர் எழுதாத மூட்டைகளைக் கிடங்கில் கொட்டிய கதைதான். புரட்டிப் புரட்டிப் படமெடுத்தது கூலியாட்கள்.

அந்தக் கூலியாட்கள் எப்படி நடத்தப்பட்டார்கள்? 2007இல் கம்பெனியின் தலைமையிடத்தில் ஒப்பந்த வேலை பார்த்த ஆண்ட்ரூ நார்மன் வில்சன் என்ற கலைஞர் இதைக் கண்டு படம் பிடித்தார். புத்தகம் புரட்டுகிறவர்களுக்கு மஞ்சள் வில்லை. விடியற்காலை 4 மணிக்கு வேலைக்கு வரவேண்டும், பிற்பகல் 2.15க்கு வெளியே போகவேண்டும். மற்ற ஊழியர்களுக்குக் கிடைக்கும் இலவசச் சாப்பாடு, சைக்கிள், பஸ் எதுவும் மஞ்சள் வில்லைக்குக் கிடையாது! படம் பிடித்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வேலை போயிற்று. உலகத்து அறிவையெல்லாம் அனைவருக்கும் திறந்துவிடப் புறப்பட்டவர்கள், பக்கத்துக் கட்டடத்துத் தொழிலாளிக்குச் சாப்பாட்டு அறையைத் திறக்கவில்லை.

அடுத்து, இலவசம் என்றார்களே, அந்த இலவசத்தைப் பார்ப்போம். எழுத்தாளர் சங்கமும் பதிப்பகத்தாரும் 2005இல் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் புத்தகத்தை எங்களைக் கேட்காமல் படமெடுக்க நீ யார் என்று வழக்கு. 2008இல் ஒரு சமரசம் எழுதினார்கள். கம்பெனி 12 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுக்கும். அதற்குப் பதிலாகக் கடையில் கிடைக்காமல் போன இலட்சக்கணக்கான புத்தகங்களைக் கணினி வழி விற்கும் வழி அதற்குக் கிடைக்கும். கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும் சந்தா கட்டிப் படிக்க வேண்டும். புத்தகம் கொடுத்த நூலகங்களுக்குச் சலுகை உண்டு. பொது நூலகத்துக்கு? கட்டடத்துக்கு ஒரு கணினிப் பெட்டி இலவசம்! ஊரே வரிசையில் நின்று ஒரு பெட்டியில் படித்துக்கொள்ள வேண்டியதுதான். பொதுமக்கள் வரிப்பணத்திலும் மாணவர் கட்டணத்திலும் வாங்கிச் சேர்த்த புத்தகம், ஒரு கம்பெனியின் காமிராவுக்கு முன்னால் ஒருமுறை போய்வந்த காரணத்தால் சந்தாச் சரக்காக மாறப் பார்த்தது. 2011 மார்ச் 22இல் நீதிபதி டென்னி சின் இந்தச் சமரசத்தை ஏற்க மறுத்தார். புத்தகங்களைத் தேடுவதற்காகப் படமெடுத்தது சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2013இல் தீர்ப்புச் சொன்னவரும் இதே நீதிபதிதான். தேட வைப்பது வேறு, கடை போடுவது வேறு என்ற வேறுபாட்டை நம் தோழர்கள் மனத்தில் வைக்கவேண்டும்.

மிச்சிகன் பல்கலைக் கழகம் ஒரு காரியம் செய்திருந்தது. நாம் இவ்வளவு எழுதுவதே அதற்காகத்தான். படமெடுக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு மின்பிரதி எங்கள் கைக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியது. அந்த ஒப்பந்தத்திலும் குறை உண்டு. பிறர் மொத்தமாகப் பிரதி எடுத்துப் போகாமல் நூலகமே தடுக்கவேண்டும் என்று கம்பெனி எழுத வைத்திருந்தது. ஆனாலும் பிரதி கையில் இருந்தது. 2008 அக்டோபரில் மிச்சிகனும் அதன் அண்டைப் பல்கலைக் கழகங்களும் கலிபோர்னியாவும் தங்கள் தங்கள் பிரதிகளை ஒன்றாகச் சேர்த்துப் பொதுக் களஞ்சியம் ஒன்றைக் கட்டின. ஹாத்தி டிரஸ்ட் என்று பெயர். யானைக்கு இந்தியில் பெயர் வைத்துவிட்டார்களே என்று தோழர்கள் கோபிக்க வேண்டாம். யானை மறக்காதாம், அதற்காக! ஆன் ஆர்பரில் ஒரு சேமிப்பு, இண்டியானாபொலிசில் இன்னொன்று. ஒன்று கெட்டால் மற்றது இருக்கும். இன்றைக்கு அங்கே 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள்.

அதன்மீதும் 2011இல் வழக்கு வந்தது. 2012இல் கீழ்க்கோர்ட்டும் 2014இல் மேல்கோர்ட்டும் நூலகங்களின் பக்கம் தீர்ப்பளித்தன. கண் தெரியாத மாணவன் எந்த நூலையும் கணினி வாசிக்கக் கேட்கலாம் என்ற உரிமை அதில் நிலைத்தது. ஒன்றிரண்டு புத்தகத்துக்காக மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு இலட்சக்கணக்கான புத்தகம்! 2020இல் கொரோனாவால் நூலகங்கள் மூடியபோது, தன் கல்லூரி அலமாரியில் இருக்கும் புத்தகத்தை மாணவன் வீட்டிலிருந்தே இரவல் வாங்கிப் படித்தான். அலமாரியில் ஒரு பிரதி என்றால் ஒரு நேரத்தில் ஒருவனுக்கு. பிரதி கம்பெனியிடம் மட்டும் இருந்திருந்தால் இதை யார் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்?

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று ஒரு தோழர் கேட்கலாம். பி.எல். 480 கோதுமையை நினைவுபடுத்துகிறோம். 1954இல் வந்த அந்தச் சட்டப்படி அமெரிக்கக் கோதுமைக்கு நாம் ரூபாயில் விலை கொடுத்தோம். இங்கேயே குவிந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கிப் பல பல்கலைக் கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ்ப் புத்தகமும் போயிற்று. நம்மவர் ரேஷன் கடையில் நின்று கொடுத்த காசு கப்பலேறிய கதை அது! அதற்கு முன்னும் பின்னும் போன பழைய தமிழ் நூல்களும் அங்கே உண்டு. அவற்றில் பலவும் இந்தப் படமெடுப்பில் அகப்பட்டு யானைக் களஞ்சியத்தில் இருக்கின்றன.

அங்கேதான் பூட்டு. 1910இல் சென்னையில் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தை அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவன் முழுதும் படிக்கலாம். 95 ஆண்டு கடந்தது என்பதால் அந்நாட்டுச் சட்டம் விடுகிறது. மதுரையில் இருப்பவன் திறந்தால் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். வெளிநாட்டு நூலை வெளிநாட்டு வாசகனுக்குக் காட்ட, அச்சாகி 140 ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள பொது விதி. ஆசிரியர் எந்த ஆண்டு இறந்தார் என்று ஒவ்வொரு நூலுக்கும் தேட முடியாதாம். வம்பு வேண்டாம் என்று கோட்டைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு ஆகிவிட்டால் நூல் எல்லார்க்கும் பொது. சட்டப்படி நமக்குச் சொந்தமாகிவிட்ட புத்தகம், நமக்கு மட்டும் மூடியிருக்கிறது!

வேறு வழியில்லையா? இருந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை, அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக் கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே நூலகம் வைத்து, சென்னையிலேயே ஆட்களைப் பழக்கிப் படச்சுருள் எடுத்தார்கள். ஏடு இங்கே, தொழில் இங்கே, படிப்பவனும் இங்கே.

நம் கல்லூரி நூலகங்களும் பல்கலைக் கழகங்களும் படமெடுக்கும் வேலையைக் குத்தகைக்கு விடும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இவைதான். பிரதி யார் கையில் இருக்கும்? புரட்டுகிற தொழிலாளிக்கு என்ன கூலி? வெளியூர்ப் படிப்பகத்தில் இருப்பவனுக்குத் திறக்குமா? பதிலை வாய்வார்த்தையாகச் சொல்லவேண்டாம், ஒப்பந்தத்தையே அச்சிட்டு வெளியிடட்டும். மிச்சிகன் தன்னுடையதை 2005லேயே வெளியிட்டது.