யந்திரம் பழுதுபட்டால் பொறுப்பு யாருடையது?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மடவார் வளாகம் தொடங்கி ராஜபாளையம் வரையிலுள்ள வட்டாரத்தில் கண்மாய்ப் பாசனத்தோடு கிணற்றுப் பாசனமும் கலந்தே நடைபெற்று வருகின்றது. கண்மாய் வற்றிய பின்னர் நெல்லும் கரும்பும் தென்னையும் கிணற்று நீரையே நம்பி நிற்பன. முற்காலத்தில் அந்நீரை இறைத்தது கமலை. கமலையின் உருளை ஒடிந்தால் தச்சரும், இரும்புச் சால் ஓட்டையானால் கொல்லரும் ஊரிலேயே இருந்தனர். செய்தவரே செப்பனிட்டார்; அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் அவருக்குரிய சுதந்திர நெல்லும் அளக்கப்பட்டது. இக்காலத்திலோ பம்பு கோயம்புத்தூரிலும், களையெடுக்கும் யந்திரம் சில சமயம் கடல் கடந்த தேசத்திலும் செய்யப்பட்டு வருகின்றன. செய்தவர் முகத்தை வாங்கினவர் காண்பதில்லை. ஆகவே, அக்காலத்தில் ஊர்க்கட்டுப்பாடு செய்த வேலையை இக்காலத்தில் காகிதமே செய்தாக வேண்டியிருக்கிறது. இவ்வுண்மையை விவசாயிகளிற் பலர் இன்னும் உணரவில்லை என்பது வருந்தத்தக்கதாகும்.

இவ்விஷயத்தில் அவ்வட்டாரத்துப் பஞ்சாலைகளிடமிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. ராஜபாளையம் மில் 1936-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது முதல் அந்நகரம் நூற்பாலைகளுக்குப் பேர் பெற்றது. வயலிலிருந்தோ ஜின்னிங் சாலையிலிருந்தோ பஞ்சோடு ஓர் ஆணி கலந்து வருமாயின், அது வேகமாய்ச் சுழலும் உருளையில் மோதித் தீப்பொறி உண்டாக்கி ஆலையையே எரித்துவிடக் கூடும். அதைத் தடுக்கவே பஞ்சு செல்லும் வழியில் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகமறி கருவி பொருத்தப்படுகிறது. திறமையாய் நடத்தப்படும் ஆலையில், தெரிந்த அளவுள்ள ஓர் இரும்புத் துண்டைச் செலுத்திக் கருவியை அடிக்கடி சோதித்து, அதைக் குறிப்பேட்டிற் பதிவு செய்வார்கள். கருவி பிசகினால் உடனே அதைச் செய்த கம்பெனிக்கு எழுதுவார்கள். வாங்கும்போதே பழுதுபார்க்கும் உடன்படிக்கையும் எழுதிக்கொள்வார்கள். ஆலைக்காரருக்குத் தீயினால் எவ்வளவு நஷ்டமோ, சூல் கட்டிய நெற்பயிருக்குப் பத்து நாள் நீரின்றேல் குடியானவருக்கும் அவ்வளவு நஷ்டமே. அவ்வாறிருக்க, விவசாயி மட்டும் விலையை மாத்திரம் பேசி, பழுதைப் பற்றி ஒன்றும் பேசாது திரும்புவது எவ்வாறு பொருந்தும்?

வாங்கும்போது கவனிக்கற்பாலவை சில. ரசீதில் யந்திரத்தின் மாடலும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். உத்தரவாதச் சீட்டில் கடையின் முத்திரையும் தேதியும் இருத்தல் அவசியம். சில கம்பெனிகள் உத்தரவாதக் காலத்தை விற்ற நாளிலிருந்தன்றி, செய்யப்பட்ட நாளிலிருந்தே கணக்கிடுகின்றன. அவ்வாறாயின், கடையில் நெடுநாள் கிடந்த யந்திரத்தை வாங்குபவர் உத்தரவாதத்தின் ஒரு பகுதியை முன்னரே இழந்தவராவார். உதிரிப் பாகங்கள் எந்த ஊரிற் கிடைக்கும், பழுதுபார்ப்பவர் எத்தனை நாளில் வருவார் என்பவற்றையும் கேட்டு, கடைக்காரர் வாயாற் கூறும் வாக்குறுதியை ரசீதிலேயே எழுதி வாங்குதல் நலம்.

மோட்டார் எரிந்துபோனால் கம்பெனியார் பெரும்பாலும் கூறும் மறுமொழி, மின்சாரத்தின் அழுத்தக் குறைவே காரணம் என்பதாகும். மூன்று பேஸில் ஒன்று நின்றுபோனது என்றும், கிணற்றில் நீரின்றி ஓட்டப்பட்டது என்றும் கூறுவதுண்டு. அது சில சமயங்களில் மெய்யே. ஆதலால், பேஸ் தவறினால் மோட்டாரை நிறுத்தும் சாதனத்தைப் பொருத்தி, வோல்ட் மீட்டர் காட்டும் அளவை அவ்வப்போது குறித்து வைப்பவரிடம் அம்மறுமொழி எளிதிற் செல்லாது. உத்தரவாதக் காலத்தில் யந்திரத்தைப் பிறரைக் கொண்டு திறக்கலாகாது. பழுதின் குறி, நேர்ந்த தேதி, வரிசை எண் ஆகியவற்றைக் கண்டு கம்பெனிக்கு விரைவு அஞ்சலில் எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியிற் புகார் செய்தால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். யந்திரத்தை ஒப்புவிக்கும்போது பாகங்களின் ஜாபிதாவுடன் ஒப்புச்சீட்டு பெறுதல் அவசியம்.

இவ்வளவும் செய்தும் பயனில்லையாயின் சட்டம் துணை நிற்கிறது. விதை வாங்கிய விவசாயிகளும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகத்தின் வழக்கில் 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2020 ஜூலை 20-இல் அமுலுக்கு வந்த 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற ஊருக்குச் செல்லாமல், வாங்கியவர் வசிக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். விருதுநகர் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நடைபெறுகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை. காரணம் நேர்ந்த நாளிலிருந்து 2 வருஷத்திற்குள் மனுச் செய்ய வேண்டும். அதற்கு முன் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்திற் புகார் செய்து, சமாதானமாய் முடிக்கவும் முயலலாம்.

கம்பெனியார் தொலைவிலிருக்க, உள்ளூர் மெக்கானிக் ஒரே நாளில் வேலையை முடிப்பாரே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். அவ்வாட்சேபம் தள்ளத்தக்கதன்று. உத்தரவாதம் கழிந்த பின்னர் விவசாயிக்கு உற்ற துணை அவரே. ஆனால் அசல் உதிரிப் பாகமும் விளக்கப் புத்தகமும் அவர் கைக்கு எட்டாதபடி செய்வது முறையன்று. அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யம், விவசாய யந்திரங்களைச் செய்வோர் இவற்றை உடையவருக்கும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கொடுத்தே தீர வேண்டுமென்று 2023-இல் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி 1 முதல் அமுல் நடத்தி வருகிறது. இந்தியாவிலும் 2022-இல் மத்திய சர்க்கார் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளுள் விவசாயக் கருவிகளும் ஒன்று. அவ்வாண்டு டிசம்பர் 24-இல் இதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. எனினும் கம்பெனியாரைக் கட்டாயப்படுத்தும் சட்டமாக அது வளர்ந்தாலன்றிக் குடியானவருக்குப் பூரண பலன் கிட்டாது.

சர்க்கார் மானியத்தில் யந்திரங்கள் வழங்கப்படும் இக்காலத்தில், அருகாமையில் பழுதுபார்க்கும் நிலையமும் உதிரிப் பாகமும் இல்லாத கம்பெனியின் சரக்குக்கு மானியம் அளிப்பது பொதுப் பணத்தைத் துருப்பிடிக்க விடுவதாகும். எழுதப் படிக்கத் தடுமாறும் சிறு விவசாயிகளுக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுத்து உதவுவது கிராம அதிகாரிகள் செய்யத்தக்க சிறந்த தொண்டு. பத்துப் பேர் தனித்தனியே முறையிடுவதைவிட, ஒரே கம்பெனியின் யந்திரத்தை வாங்கிய பத்துப் பேர் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு எழுதும் கடிதத்திற்கு மதிப்பு அதிகம். கமலைக் காலத்தில் செய்தவரே செப்பனிட்டார் என்னும் நியாயம் இன்றும் மாறவில்லை. அதைக் கேட்டுப் பெறும் வழக்கமே குறைந்திருக்கிறது. விலை கொடுப்பவர்கள் வாங்குமுன் அதைக் கேட்கத் தொடங்கினால், விற்பவர்களும் தங்கள் பொறுப்பை உணர்ந்து நடப்பார்கள் என்பது திண்ணம்.