பழைய நிலப்படமும் ஊரின் வரலாறும்

ஓர் ஊரின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே அடங்கியுள்ளது என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் வேரூன்றியிருக்கிறது. கல்வெட்டு இல்லாத ஊருக்கு வரலாறே இல்லை என மாணவர் கருதிவிடுகின்றனர். இது தவறான கருத்தாகும். வயல், வரப்பு, ஓடை, வண்டிப்பாதை, கிணறு ஆகியவற்றுக்கும் வரலாறு உண்டு. அதனை அறிய உதவும் சிறந்த கருவி, இந்திய நில அளவைத் துறை பல தலைமுறைகளாக வெளியிட்டுவரும் நிலப்படத் தாள்களே. களப்பணியாளரும் ஆசிரியரும் இவற்றைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது வருந்தத்தக்கது.

மகாராஷ்டிர மாநிலத்தில் புனே நகருக்கு வடகிழக்கிலுள்ள லோஹேகாவ் என்னும் ஊரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 17ஆம் நூற்றாண்டின் பக்தர் துக்காராமின் தாயார் பிறந்த ஊர் இது என்பது அங்கு வழங்கும் மரபு. 1939இல் இங்கு ஆங்கிலேயரின் வான்படைக்கென விமானத்தளம் அமைக்கப்பட்டது. இன்று அது இந்திய விமானப்படைத் தளமாகவும் புனே விமான நிலையமாகவும் விளங்குகிறது. 2017இல் ஊரின் எஞ்சிய பகுதியும் புனே மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. உழவூராக இருந்தது, ஒரு மனிதரின் ஆயுட்காலத்திற்குள் நகரின் பகுதியாகிவிட்டது. விமானத்தளத்திற்கு முன் அந்நிலம் எவ்வாறு இருந்தது என்பதை இன்றைய மாணவன் எங்ஙனம் அறிவான்?

புனேயையும் லோஹேகாவையும் உள்ளடக்கிய தாளின் எண் 47 எஃப்/14 என்பதாகும். இவ்வரிசையின் பழைய தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் வரையப்பட்டவை. மெட்ரிக் முறை வந்தபின் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்னும் அளவு ஏற்கப்பட்டது. இரு காலத்துத் தாள்களையும் அருகருகே விரித்துவைத்து நோக்குவதே ஆராய்ச்சியின் முதற்படி. தாளின் ஓரத்தில் அளவை நடந்த ஆண்டு குறிக்கப்பட்டிருக்கும். அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு என்பதை மறத்தலாகாது.

அடுத்துக் குறியீடுகளைப் படித்தல் வேண்டும். பயிர்நிலம் மஞ்சளிலும், காடு பச்சையிலும், வற்றா நீர் நீலத்திலும், சம உயரக் கோடுகள் பழுப்பிலும் காட்டப்படும். கோடையில் வறளும் ஓடைகளுக்குக் கருங்கோடு உண்டு. கட்டுக்கிணற்றுக்கும் மண்கிணற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உள்ளன. மக்கள் வாழும் ஊர் ஒருவகையாகவும், கைவிடப்பட்ட ஊர் வேறுவகையாகவும் குறிக்கப்படும். பாழூர் ஒன்றின் குறியைக் கண்ட ஆசிரியர், 'இவ்வூரார் ஏன் நீங்கினர்?' என்று மாணவரைக் கேட்பாராயின், அங்கேயே வரலாற்றுப் பாடம் தொடங்கிவிடுகிறது.

இடப்பெயர்களும் பேசுகின்றன. மராத்தி ஊர்ப்பெயர்களின் பின்வரும் 'புத்ருக்', 'குர்த்' என்பன முறையே பெரியது, சிறியது எனப் பொருள்படும் பாரசீகச் சொற்களின் வழிவந்தவை. 'வாடி' என்பது சிற்றூரைச் சுட்டும். லோஹேகாவுக்கு அண்மையிலுள்ள நிர்குடி என்னும் ஊரின் பெயரே மராத்தியில் நொச்சிச் செடிக்கும் பெயராகும். ஆயினும் எச்சரிக்கை வேண்டும். 'லோஹ' என்பது இரும்பைக் குறிக்கிறது என்பதனாலேயே லோஹேகாவில் இரும்பு உருக்கினர் என்று முடிவு கட்டலாகாது. பெயர் வினாவை எழுப்பும். விடையைத் தருவது களமே.

செயற்கைக்கோள் படங்கள் இருக்கையில் பழந்தாள் எதற்கு என்று சிலர் வினவுவர். லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது 1972இல்தான். நூறாண்டுக்கு முந்திய நிலத்தை எந்தச் செயற்கைக்கோளும் கண்டதில்லை. மேலும், வானிலிருந்து எடுத்த படத்தில் ஊரார் வழங்கிய பெயர்கள் இரா.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கும் அன்று. சென்னையின் தியாகராய நகர் 1920களில் மயிலாப்பூர்ப் பெரிய ஏரியின் நிலப்பரப்பில் எழுந்தது. பழைய படத்தைக் காணாதவர் அங்கு ஏரி இருந்ததை நம்பவும் மாட்டார். புனே நகரில் 2019 செப்டம்பர் 25ஆம் நாள் இரவு, கட்டடங்களால் கரை நெருக்கப்பட்ட ஆம்பில் ஓடை பெருக்கெடுத்துப் பலர் உயிரிழந்தனர். நீர் சென்ற வழியை மனிதர் மறக்கலாம்; நீர் மறப்பதில்லை. லோஹேகாவ் போன்று விரைவில் நகராகிவரும் ஊர்களில், பழந்தாளிலுள்ள ஓடைக்கோடு ஒவ்வொன்றும் இன்று எங்கே உள்ளது என்று நடந்து பார்த்துக் குறித்துவைத்தல், உயிர்காக்கும் பணியாகும்.

நிலப்படத்தின் குறைகளையும் அறிதல் நன்று. சாலையின் அகலம் குறியீட்டில் மிகைப்படும். பாதுகாப்புக் காரணங்களால் சில இடங்கள் பொதுத் தாள்களில் இடம்பெறா. பழைய தாளுக்கும் புதிய தாளுக்கும் அடிப்படையான புவி உருவக் கணக்கு வேறுபடுவதால், ஒன்றன்மேல் ஒன்றை அப்படியே பொருத்தினால் இடம் விலகித் தோன்றும். கோயில், பாலம், குன்றின் உச்சி முதலிய இடம்பெயராப் புள்ளிகளைக் கொண்டே பொருத்துதல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, நிலம் யாருடையது, கிணற்றில் நீர் எடுக்க யாருக்கு உரிமை இருந்தது என்பவற்றைத் தாள் சொல்லாது. அதனை ஊர் முதியோரிடமே கேட்டறிய வேண்டும். அவர்களோ ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

ஆகவே செய்யத்தக்கது தெளிவு. ஒவ்வொரு வட்டாரத்தின் பழைய தாள்களுக்கும் படிகள் எடுத்து அவ்வட்டாரப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் வைத்தல் வேண்டும். 1950களில் அமெரிக்க இராணுவம் தொகுத்த இந்திய நிலப்படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் யாவரும் காணுமாறு இணையத்தில் வைத்திருக்கிறது. தொலைநாட்டு நூலகத்தில் எளிதில் கிட்டும் நம் ஊரின் பழைய உருவம், நம் ஊர்ப் பள்ளியில் கிட்டாதிருத்தல் முறையன்று. தாள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஆசிரியர் ஒருவர், மாணவர் நால்வர், ஊர் முதியவர் ஒருவர் ஆகியோர் கூடி ஓர் ஓடையின் வழியே நடந்தாலும் போதும். பணி தொடங்கிவிடும்.