சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

‘சாப்பாட்டுக்கு முன், பின் என்று மருந்துச் சீட்டில் எழுதுவதெல்லாம் வெறும் சடங்கு, இரைப்பையில் எந்நேரமும் அமிலம்தானே!’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார் ஒரு கட்டுரையாளர். வழக்குக் கட்டைப் பிரித்தாவது பார்த்தாரா?

வெறும் வயிற்றில் இரைப்பையின் பிஹெச் அளவு பெரும்பாலும் 1-க்கும் 2-க்கும் இடையில். சோறும் பருப்பும் உள்ளே போனதும் உணவே அமிலத்தைத் தணிக்க, அது 4, 5 என்று ஏறி, சில மணி நேரத்தில் படிப்படியாக இறங்குகிறது. பிஹெச்சில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. 2-லிருந்து 5-க்கு ஏறினால் அமிலச் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இதையா ‘எந்நேரமும் ஒன்றுதான்’ என்கிறார்? போகட்டும், ‘சாப்பிட்டால் அமிலம் பொங்கிச் சுரக்கும்’ என்று பின்னால் அவரே எழுதுகிறாரே, அப்போது முதல் வாக்கியம் என்ன ஆயிற்று? சுரப்பு கூடுவது மெய். கூடிய அமிலத்தை உணவு பிடித்து வைத்துக்கொள்வதும் மெய். சுரப்புக்கும் செறிவுக்கும் வேறுபாடு தெரியாதவர் மருந்தியல் பேச வந்திருக்கிறார்.

அடுத்தது ஆபத்தானது: ‘எந்த மருந்தோடும் ஒரு கேஸ் மாத்திரை சேர்ப்பது நல்லது.’ படர்தாமரைக்குத் தரும் இட்ராகொனசோல் கேப்ஸ்யூல் கரைய அமிலம் வேண்டும். உணவு இரைப்பையில் தங்கும் நேரமும் அப்போதைய சுரப்பும் உதவுவதால் அதை வயிறாரச் சாப்பிட்டவுடன் போடச் சொல்கிறோம். அதே மருந்து திரவமாக வந்தால், ஏற்கெனவே கரைந்திருப்பதால், வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். ஒரே மருந்துக்கு எதிரெதிரான இரண்டு விதி. எந்தச் சடங்கு இப்படி இருக்கும்? அந்தக் கேப்ஸ்யூலோடு பான்டோப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையைச் சேர்த்தால் அமிலம் அடங்கி மருந்தின் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போகும். அரிப்பு நிற்காமல் திரும்பி வருபவரிடம் ‘மருந்து பிடிக்கவில்லை’ என்போம். பிடிக்க விட்டோமா?

அவர் சிபாரிசு செய்யும் பான்டோப்ரசோலுக்கே நேரம் உண்டு. அமிலம் பட்டால் சிதைந்துவிடும் என்பதால்தான் அதற்கு மேலுறை. சாப்பாடு தட்டியெழுப்பும் அமிலப் பம்புகளைத்தான் அது அடைக்கும் என்பதால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. தைராய்டு மாத்திரையைக் காலை காபியோடு விழுங்கக் கூடாது என்பதும் இப்படிக் காரணமுள்ள விதிதான்.

பிறகு எதற்கு இந்த வாதம்? கடைசிப் பத்தியில் பூனைக்குட்டி வெளியே வருகிறது: ‘நம் நோயாளிகளுக்கு நேரமெல்லாம் சொன்னால் புரியாது.’ மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, மருந்தின் பெயர் பாதியோடு போக, நாலையும் ஒரே காகிதக் கவரில் போட்டு 1-0-1 என்று கிறுக்கித் தள்ளும் வழக்கத்துக்கு அறிவியல் முலாம் பூசுகிறார். தேனில் குழை, வெந்நீரில் குடி, பத்தியம் இரு என்று நாட்டு வைத்தியர் சொன்னதைத் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடித்தவர்களுக்கு, ராகு காலத்தை நிமிடக் கணக்கில் அறிந்தவர்களுக்கு, ‘சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி’ என்பது புரியாதா? அவர்களுக்குப் புரியும். அதைச் சொல்ல அரை நிமிடம் செலவிட இவருக்குத்தான் மனமில்லை.