25 வயதில் கழற்றிவிடலாமா?

குரங்கணியிலும் கொட்டக்குடியிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், போடிமெட்டுச் சரிவில் காட்டைக் காக்கும் வனக் காப்பாளர்கள், ஏலத்தோட்டக் குடியிருப்புகளுக்கு ஜீப்பிலும் கால்நடையாகவும் போய்த் தடுப்பூசி போடும் கிராம சுகாதாரச் செவிலியர்கள். போடிநாயக்கனூரையும் அதன் மலைச்சரிவையும் நம்பி வாழும் மக்களுக்கு அரசாங்கம் என்றால் இவர்கள்தான். இவர்களுடைய சம்பளப் பட்டியலில் மாதந்தோறும் மருத்துவக் காப்பீட்டுப் பிடித்தம் என்று ஒரு வரி இருக்கும். 2012 திட்டத்தில் 150 ரூபாயாக இருந்தது, 2016-ல் 180 ஆகி, 2021-ல் 300 ரூபாய் ஆனது.

இந்தப் பிடித்தத்துக்கு ஈடாக அரசு கொடுக்கும் பாதுகாப்பு சிறியதல்ல. 2021 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், குறிப்பிட்ட கடும் நோய்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும் செலவை ஏற்றது. 2008-ல் இதே வழியில் தொடங்கிய திட்டத்தில் இருந்த தொகை 2 லட்சம்தான். மலைச்சரிவில் பணிபுரியும் குடும்பத்துக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். பெரிய நோய் வந்தால் முதலில் போடி அரசு மருத்துவமனை, பிறகு தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேல் என்றால் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மதுரை. வண்டிச் செலவும் தங்கும் செலவுமே கழுத்தை நெரிக்கும்போது, அறுவை சிகிச்சைக்கும் கடன் வாங்காமல் தப்பிப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல்.

அந்த ஆறுதல் ஊழியரின் பிள்ளைக்கு எதுவரை என்பதில்தான் சிக்கல். வேலைக்குப் போகும் வரை, திருமணம் ஆகும் வரை, 25 வயது நிறையும் வரை. இம்மூன்றில் எது முதலில் வருகிறதோ அதோடு பிள்ளையின் பெயர் காப்பீட்டிலிருந்து நீங்கும் என்கிறது விதி. வேலைக்குப் போனவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வார் என்பது புரிகிறது. மணமானவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று அரசு கருதுவதையும் ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொள்ளலாம். வேலையும் இல்லை, மணமும் ஆகவில்லை, பெற்றோர் வீட்டுச் சோற்றைத் தவிர வேறு ஆதாரமும் இல்லை என்று இருக்கும் பிள்ளையை, பிறந்தநாளைக் காட்டி வெளியே நிறுத்துவதற்கு என்ன நியாயம்?

போடியில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லை. மகள் பொறியியல் முடித்துவிட்டு அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறாள். 23 வயதில் சிறுநீரகக் கோளாறு வருகிறது, டயாலிசிஸ் தொடங்குகிறது. சிறுநீரகம் கொடுக்கத் தாய் தயாராக இருக்கிறார். பரிசோதனை, அனுமதி, மருத்துவமனையின் வரிசை என்று மாதங்கள் ஓடி, அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது மகளுக்கு 25 நிறைந்துவிடுகிறது. காப்பீட்டு உதவி மையத்தில் உட்கார்ந்திருப்பவர் கணினியில் பிறந்த தேதியைப் பார்த்து, ஒப்புதல் வராது என்கிறார். விதிப்படி அவர் சொல்வது சரி. அந்தத் தாய் இனி எந்தக் கதவைத் தட்டுவார்?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆசிரியையின் சம்பளம் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தாயின் சம்பளத்தைக் காட்டி மகளை அந்தத் திட்டத்தில் சேர்க்க மறுக்கும் அரசு, ஊழியர் திட்டத்தில் மட்டும் அவள் இனித் தாயைச் சார்ந்தவள் அல்ல என்று சொல்கிறது. தனியார் காப்பீட்டுக்குப் போனால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 48 மாதமாக இருந்த உச்சவரம்பை 2024-ல் 36 மாதமாகக் குறைத்தார்கள். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரால் மூன்று ஆண்டுகள் காத்திருக்க முடியுமா?

தமிழக அரசின் மற்ற விதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முரண்பாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அரசுப் பணிக்கு நேரடி நியமனத்தில் பொதுப்பிரிவினருக்கான வயது வரம்பை 2021 செப்டம்பரில் 30-லிருந்து 32 ஆக அரசே உயர்த்தியது. மற்ற பிரிவினருக்கு வரம்பு இன்னும் கூடுதல். படித்த பிள்ளைகளுக்கு 25-க்குள் வேலை அமைவதில்லை என்பதை அரசு ஒப்புக்கொண்டதால்தானே அந்த உயர்வு? போடியிலும் தேனியிலும் நூலகங்களிலும் பயிற்சி மையங்களிலும் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களில் 25-ஐத் தாண்டியவர்கள் ஏராளம். 32 வயது வரை தேர்வெழுத வா என்று அழைக்கும் அரசு, நோய் வந்தால் மட்டும் 25-லேயே கையை விரிக்கலாமா?

குடும்ப ஓய்வூதிய விதிகளும், இந்தக் காப்பீட்டைக் கவனிக்கும் அதே நிதித்துறையின் கையில்தான் இருக்கின்றன. மணமாகாத, கணவரை இழந்த, மணமுறிவு பெற்ற மகள்களுக்கு 25 வயதுக்குப் பிறகும் நிபந்தனைகளோடு குடும்ப ஓய்வூதியம் பெற அங்கே வழி இருக்கிறது. பெற்றோர் இறந்த பின் சார்ந்திருப்பவள் என்று ஏற்கப்படும் மகள், பெற்றோர் பணியில் இருக்கும்போது சார்ந்திருப்பவளாக ஏற்கப்படவில்லை.

சி.ஜி.எச்.எஸ். எனப்படும் மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தில், மகள் சம்பாதிக்கத் தொடங்கும் வரை அல்லது திருமணம் ஆகும் வரை வயது வரம்பே இல்லை. மணமுறிவு பெற்றோ, கணவரை இழந்தோ தாய்வீடு திரும்பிய மகளுக்கும் இடம் உண்டு. மாற்றுத்திறனாளி மகனுக்கும் வயது தடையில்லை. யார் சார்ந்திருப்பவர் என்பதற்கு மாதம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் என்று ஒரு வருமான அளவையும் வைத்திருக்கிறார்கள். மற்ற மகன்களுக்கு அங்கேயும் 25 தான் எல்லை. அதை நாம் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை. ஏழைக் குடும்பங்களுக்கான ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்தின் அளவுக்கோ வயதுக்கோ வரம்பு வைக்கவில்லை. தனியார் காப்பீடே கோலோச்சும் அமெரிக்காவில்கூட, 2010-ல் வந்த சட்டம் பிள்ளைகளை 26 வயது வரை பெற்றோரின் பாலிசியில் இருக்க விடுகிறது. மணமாகியிருந்தாலும் வேலையில் இருந்தாலும் அங்கே தடையில்லை.

இன்னொரு பள்ளம் ஓய்வுபெறும் நாளில் காத்திருக்கிறது. ஓய்வூதியர்களுக்கான காப்பீடு பொதுவாக ஓய்வூதியருக்கும் அவருடைய வாழ்க்கைத் துணைக்கும் மட்டுமே. தாமதமாக மணமாகி 38 வயதில் தகப்பனான ஒரு வனக் காப்பாளர் 60-ல் ஓய்வுபெறும்போது மகனுக்கு 22 வயது. கல்லூரியில் படிக்கும் அந்த மகன், 25-க்கு மூன்று ஆண்டுகள் மீதமிருக்கும்போதே பாதுகாப்பை இழக்கிறான். அப்பாவின் வருமானம் பாதியாகக் குறையும் அதே மாதத்தில் இதுவும் நடக்கிறது.

செலவு கூடுமே என்று நிதித்துறை கேட்பது நியாயமான கேள்வி. காப்பீட்டு நிறுவனம் கூடுதல் ஆட்களுக்குக் கூடுதல் பிரீமியம் கேட்கத்தான் செய்யும். ஆனாலும் இருபதுகளில் இருப்பவர்கள் முதியவர்களைவிடக் குறைவாகவே மருத்துவமனைக்குப் போகிறார்கள். குடும்பத்துக்கான மொத்தத் தொகையையும் உயர்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. அதே தொகையை அதே குடும்பம் பகிர்ந்துகொள்ளும். தேவைப்பட்டால் 25 வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஊழியரிடமே கூடுதல் சந்தா பிடிக்கட்டும். மகளின் உயிருக்காக மாதம் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டமாட்டேன் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார்.

ஆகவே, ஒவ்வொரு முறை திட்டத்தைப் புதுப்பிக்கும்போதும் தொகையையும் சந்தாவையும் மாற்றும் தமிழக அரசு, தகுதி விதியையும் திறந்து பார்க்க வேண்டும். மகனானாலும் மகளானாலும், வருமானம் இல்லாமல் பெற்றோரைச் சார்ந்திருக்கும் வரை காப்பீடு தொடர வேண்டும். 'வேலை' என்பதற்கு ஒரு வருமான அளவு வேண்டும். துணிக்கடையில் சில ஆயிரம் ரூபாய்க்கு நிற்பவரையும் நிரந்தர வேலையில் இருப்பவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது வயது நிறைந்தால், அந்தச் சிகிச்சை முடியும் வரை பெயரை நீக்கக் கூடாது. பெற்றோர் ஓய்வுபெற்றாலும் சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஓய்வூதியர் திட்டத்தில் தொடர வேண்டும். குழுக் காப்பீட்டில் இருந்தவர் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி காப்பீட்டு ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த வழி தானாகத் திறக்கும்படி, நிறுவனத்தோடு போடும் அடுத்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

விதி மாறும் வரை ஊழியர்களும் சும்மா இருந்துவிடக் கூடாது. காப்பீட்டு அட்டையில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கிறதா, பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பிள்ளைக்கு 24 வயது ஆகிவிட்டால், தள்ளிப்போட்டுவந்த சிகிச்சை எதுவும் இருந்தால் இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். நோய் வருவதற்கு முன்பே தனியாக ஒரு பாலிசி எடுத்துவைத்தால் காத்திருப்புக் காலம் முன்கூட்டியே ஓடத் தொடங்கிவிடும்.

சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அகவிலைப்படிக்கும் பழைய ஓய்வூதியத்துக்கும் தெருவில் இறங்கும் நீங்கள், உங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையேறிப் போய் மற்றவர் பிள்ளைகளுக்குப் பாடமும் மருந்தும் கொடுப்பவர்களின் பிள்ளைகளை, வேலை கிடைக்காத காலத்தில் நோயோடு தனியே விடுவது அரசுக்கு அழகல்ல. இதைச் சரிசெய்யச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. நிதித்துறையின் ஒரே ஓர் அரசாணை போதும். அந்த ஆணையைத் தாமதமின்றிப் பிறப்பிக்க வேண்டும்.